குளிர்ந்த இன்ஜினைக் காட்டச் சொல்லுங்கள்

வாசகர் கேள்வி: அண்ணாச்சி, எனக்கு ஊர் வள்ளியூர். வாரத்தில் மூன்று நாள் பாளையங்கோட்டைக்கு வேலைக்கு வந்து போகிறேன். அப்பாவையும் மாதம் இருமுறை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்து வர வேண்டியிருக்கிறது. 4 லட்சம் ரூபாய்க்குள் பழைய கார் வாங்க நினைத்து இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, 2013-ஆம் ஆண்டின் 1.3 லிட்டர் டீசல் செடான். 1,46,000 கிலோமீட்டர் ஓடியது. ஒரே உரிமையாளர், பாளையங்கோட்டை வண்டி. மற்றொன்று, 2016-ஆம் ஆண்டின் பெட்ரோல் ஹேட்ச்பேக், 31,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, தூத்துக்குடிப் பதிவு, இங்கே ஒரு வியாபாரியிடம் நிற்கிறது. விலை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். குறைவாக ஓடிய வண்டியின் இன்ஜினைத்தான் நம்ப முடியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் இரண்டு வண்டிகளையும் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களில் நான் கடைசியாக நம்புவது கிலோமீட்டர் கணக்கைத்தான். ஓடிய தூரம் ஒரு தகவல் என்பதில் ஐயமில்லை. ஆனால் இன்ஜின் தேய்வது சாலையில் ஓடும் தூரத்தால் மட்டுமல்ல. ஒவ்வொரு முறையும் அது குளிர்ந்த நிலையிலிருந்து கிளம்பும்போது, எண்ணெய் மேல் பாகங்களுக்கு ஏறிச் சேர்வதற்கு முந்தைய அந்தச் சில நொடிகளிலும், சூடேறி முடிக்கும் முன்பே அணைக்கப்படும் சிறுசிறு ஓட்டங்களிலும்தான் அது அதிகம் தேய்கிறது. காலையில் ஒருமுறை கிளப்பி மதுரை வரை நிறுத்தாமல் ஓட்டிய வண்டி ஒரே நாளில் 160 கிலோமீட்டர் சேர்த்துக்கொள்ளும்; அதே நாளில் பள்ளிக்கூடத்துக்கும் காய்கறிக் கடைக்கும் கோயிலுக்குமாக நான்கு முறை கிளப்பி நிறுத்திய வண்டி 10 கிலோமீட்டர்கூடச் சேர்த்திருக்காது. தேய்மானத்தின் கணக்கில் இரண்டாவது வண்டிதான் அன்றைக்கு அதிகம் உழைத்தது. ஓடாமல் நின்ற வண்டிக்குக்கூட ஆயில் பழசாகும். ரப்பர் சீல்கள் இறுகும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் ஆயில் மாற்றும் கெடுவை, இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், இரண்டில் எது முந்துகிறதோ அது என்று எழுதி வைக்கிறார்கள்.

மீட்டரைப் பின்னுக்குத் தள்ளுவது அரிய வித்தையும் அல்ல. 31,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் பிரேக் மிதியின் ரப்பர் வழவழப்பாகியிருக்கக் கூடாது; ஸ்டியரிங்கின் மேல்தோல் பளபளக்கக் கூடாது; ஓட்டுநர் இருக்கையின் கதவுப்பக்க ஓரம் அமுங்கியிருக்கக் கூடாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். அவ்வளவு குறைவாக ஓடிய வண்டிக்கு எல்லா டயர்களும் எதற்காக மாற்றப்பட்டன என்று கேட்க அந்த எண் உதவும். ஆண்டுகளாகி ரப்பர் இறுகியதற்காக மாற்றினோம் என்பது ஏற்கத்தக்க பதில்தான், அதற்கு பில் இருந்தால்.

ஆகவே எந்த வண்டி என்று முடிவெடுக்கும் முன் இரண்டு இன்ஜின்களையும் முழுக்கக் குளிர்ந்த நிலையில் பாருங்கள். இதை நான் வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் என்னை நம்பி வந்த ஒரு குடும்பத்துக்காக, வியாபாரி ஒருவரிடமிருந்த டீசல் காரை நண்பகலில் போய்ப் பார்த்தேன். வண்டி ஏற்கெனவே ஓடிச் சூடாகியிருந்தது. சத்தம் சீராக இருந்தது, புகை இல்லை, இழுவையும் குறையில்லை. வாங்கலாம் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலை அவர்கள் வீட்டு வாசலில் அது கிளம்பிய போது வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் சரசரவென்று அடித்த சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. சூடான இன்ஜினில் மறைந்துகொள்ளும் குறையை நான் பார்க்கத் தவறியதற்கு அந்தக் குடும்பம் பணம் கொடுத்தது. அன்றிலிருந்து, காலையில் நானே முதல்முறை கிளப்பிப் பார்க்காத எந்த வண்டிக்கும் நான் நல்ல வார்த்தை சொல்வதில்லை.

விற்பவரிடம் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள்: காலை ஆறரைக்கு வருகிறேன், அதற்கு முன் வண்டியைக் கிளப்ப வேண்டாம் என்று. போனதும் பானெட்டைத் திறந்து, இன்ஜின் மேல் மூடியையும் சைலன்சர் கிளம்பும் இடத்தையும் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருந்தால் உங்களுக்கு முன்னால் யாரோ அதை எழுப்பிவிட்டார்கள் என்று பொருள். இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுவதே நல்லது. குளிர்ந்திருந்தால் முதலில் ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். டீசல் இன்ஜினில் புது ஆயிலும் சில நாட்களில் கறுத்துவிடும். அந்தக் கறுப்பைக் குறையாகக் கருத வேண்டாம். அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால்தான் கவலை. ஆயில் குடிக்கும் வண்டியாக இருக்கலாம், அல்லது கவனிப்பாரற்ற வண்டியாக இருக்கலாம். ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மோர்க்குழம்பு நிறத்தில் கெட்டியாகப் படிந்திருந்தால், ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கக்கூடும். குறுகிய தூரமே ஓடும் வண்டிகளில் ஈரப்பதத்தால் மூடியில் மட்டும் இலேசாக அப்படிப் படிவதுண்டு. குச்சியிலும் அதே நிறம் இருந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை.

பிறகு இன்னொருவரை வண்டிக்குப் பின்னால் நிறுத்திவிட்டு நீங்களே கிளப்புங்கள். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியாவிட்டால், அதை யாரோ எரியாதபடி செய்திருக்கக்கூடும். புகையில், நீலம் கலந்திருந்தால் ஆயில் எரிகிறது. டீசலில் கறுப்பு தொடர்ந்து வந்தால் காற்று போதவில்லை அல்லது எரிபொருள் அதிகம் பாய்கிறது. வெள்ளை, இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல் வந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் எரிகிறது என்று கொள்ளலாம். குளிர்காலை நேரத்தில் முதல் ஓரிரு நிமிடம் வரும் வெள்ளை ஆவி வெறும் ஈரம்தான், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

இப்போது உங்கள் டீசல் வண்டியைப் பற்றி. 2013-இல் விற்ற 1.3 லிட்டர் டீசல் செடான்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஃபியட்டின் 1,248 சிசி மல்டிஜெட் இன்ஜின்தான். மாருதி, டாடா, ஃபியட் என்று மூன்று நிறுவனங்களின் கார்களிலும் அதே இன்ஜின் இருந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததோடு மாருதி டீசலையே கைவிட்டதால் அது நின்றுபோனது. ஆனாலும் லட்சக்கணக்கில் சாலையில் ஓடுவதால் உதிரிபாகத்துக்கும் வேலை தெரிந்த கைக்கும் நம் பக்கத்தில் குறைவில்லை. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 2,00,000 கிலோமீட்டரைத் தாண்டி ஓடக்கூடிய இன்ஜின் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். அதன் பலவீனம் ஆயிலில் இருக்கிறது. அது கொள்ளும் ஆயில் ஏறத்தாழ 3 லிட்டர்தான். அந்தச் சிறிய அளவே, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவைக் குளிர்விக்க வேண்டும், டைமிங் செயினைத் தளராமல் வைக்கும் டென்ஷனரை அழுத்திப் பிடிக்கவும் வேண்டும். 10,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டிய ஆயிலை 20,000 வரை இழுத்தடித்தவர்களின் வண்டியில் செயின் நீண்டுபோகும். காலையில் கிளப்பிய முதல் இரண்டு மூன்று நொடி உலோகம் உரசும் சரசரப்பு கேட்பது அதனால்தான். ஆயில் அழுத்தம் ஏறியதும் அடங்கிவிடும். அடங்கிவிட்டதே என்று விட்டால், ஒரு நாள் செயின் பல் தாண்டும், பிஸ்டனும் வால்வும் மோதும், ராக்கர்கள் முறியும், இன்ஜினை இறக்காமல் வேலை முடியாது.

டர்போவின் சுழலி நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுக்கும் மேல் சுழல்வது. நெடுஞ்சாலையில் விரட்டி வந்து நின்றதும் சட்டென்று அணைக்கும் பழக்கமுள்ளவர்களின் வண்டியில், அந்தச் சூட்டில் தேங்கிய ஆயில் கரியாகி அதன் தாங்கியை அரித்துவிடும். காற்றுக் குழாயைக் கழற்றி, சுழலியின் தண்டை விரலால் அசைத்துப் பார்த்தால் மேலும் கீழும் ஆட்டம் தெரியக் கூடாது. குழாயின் உட்புறத்தில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருப்பது இயல்பு. சொட்டும் அளவுக்கு இருந்தால் இயல்பு அல்ல. டீசலைச் சிலிண்டருக்குள் பாய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கு ரிட்டர்ன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். நான்கு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலை நான்கு சிறு பாட்டில்களில் பிடித்து அளவை ஒப்பிடும் எளிய சோதனை அது. ஒன்றில் மட்டும் அதிகம் சேர்ந்தால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்திருக்கிறது. இந்த இன்ஜின் டீசலை 1,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பாய்ச்சுகிறது. கலப்பட டீசலும், தண்ணீர் வடிக்காத ஃபில்டரும் அந்த நுண்ணிய பாகங்களை விரைவில் கெடுத்துவிடும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் மூடியை மெல்லத் திருகி எடுங்கள். சிறிது ஆவி வருவது எந்த டீசலிலும் உண்டு. மூடி துள்ளினாலோ, புகை அழுத்தமாகத் தள்ளினாலோ பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துவிட்டன. இதை மறைக்க, மெல்லிய ஆயில் ஊற்ற வேண்டிய இன்ஜினில் 20டபிள்யூ-50 போன்ற கெட்டி ஆயிலை ஊற்றி விற்பவர்களும் இருக்கிறார்கள். ஆகையால் கடைசியாக ஊற்றிய ஆயில் எது என்பதற்கு பில் கேளுங்கள். பில்லை எடுத்து வைத்திருக்கும் உரிமையாளர் பெரும்பாலும் ஆயிலையும் நேரத்துக்கு மாற்றியிருப்பார்.

நம் பக்கத்தில் ஆயிலைவிட அதிகமாக இன்ஜின்களைக் கெடுப்பது தண்ணீர். வள்ளியூர், ராதாபுரம், திசையன்விளைப் பகுதியின் போர்த் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதை நீங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். அதையே ஆண்டுக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றினால், இன்ஜினுக்குள் தண்ணீர் ஓடும் பாதைகளிலும் அதே படிவம் ஏறும். வாட்டர் பம்பின் இறக்கைகள் அரிக்கும். ரேடியேட்டர் பாதி அடைபடும். வண்டி சித்திரையில் சூடாகத் தொடங்கும். அப்போது மூல காரணத்தைத் தேடாமல், இன்ஜின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது இங்கே பல இடங்களில் வழக்கமாகவே ஆகிவிட்டது. இது என்னை ஆற்றாமைக்கு உள்ளாக்கும் பழக்கம். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் தனக்குரிய வெப்பத்தை எட்டவே நேரமாகும். எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். ஆயிலில் கசடு சேரும். அடைபட்ட ரேடியேட்டரோ அடைபட்டபடியே இருக்கும். நெடுஞ்சாலையில் 10 கிலோமீட்டர் ஓடிய பிறகும் வெப்பமுள் நடுப்பகுதிக்கு வராமல் கீழேயே கிடந்தால், தெர்மோஸ்டாட்டைக் கழற்றியிருக்கிறார்கள் என்று ஐயப்படலாம். ஏன் கழற்றினீர்கள் என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள்; சூட்டில் ஒருபோதும் தொடாதீர்கள், கொதிநீர் முகத்தில் பீறிடும். உள்ளே பச்சை, சிவப்பு, நீலம் என்று ஏதேனும் ஒரு நிறத்தில் தெளிவான கூலன்ட் இருக்க வேண்டும். துருத் தண்ணீரோ, மேலே எண்ணெய்ப் படலமோ, ஓடும்போது நிற்காத குமிழ்களோ தெரிந்தால், சிலிண்டர்களுக்கு மேலுள்ள ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். இன்றைய இன்ஜின்களின் அலுமினிய ஹெட் ஒருமுறை கடுமையாகச் சூடானாலே வளைந்துவிடும்.

தூத்துக்குடி வண்டியைப் பற்றி எழுதும்போது எனக்கு 2023 டிசம்பர் 17, 18 தேதிகள் நினைவுக்கு வராமல் இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறி நெல்லை ஜங்ஷன், வண்ணார்பேட்டையிலிருந்து ஸ்ரீவைகுண்டம், ஏரல் வரை வெள்ளத்தில் நின்றன. அந்த நீரில் மூழ்கிய கார்கள் பல, கழுவித் துடைக்கப்பட்டு மறுபடி விற்பனைக்கு வந்தன. தூத்துக்குடிப் பதிவு என்பதற்காக மட்டும் ஒரு வண்டியைச் சந்தேகிப்பது நியாயமாகாது. ஆனால் குறைந்த கிலோமீட்டர், கைமாறி வியாபாரியிடம் வந்து நிற்பது, விலை தணிவு ஆகிய மூன்றும் சேரும்போது பார்த்துத் தெளிவது உங்கள் கடமை.

நின்ற வண்டி மூழ்கியதைவிட, வெள்ளத்தில் ஓட்டிக்கொண்டு போன வண்டிதான் இன்ஜினுக்கு அபாயம். காற்று உறிஞ்சும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்தால், பிஸ்டன் மேலேறும்போது அதை அமுக்க முடியாது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. அந்த விசையில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். இலேசாக வளைந்த ராடோடு வண்டி கிளம்பவும் செய்யும், மாதக்கணக்கில் ஓடவும் செய்யும். பிறகு ஒரு நாள் நாங்குநேரி தாண்டி 90-இல் போய்க்கொண்டிருக்கையில் ராடு முறிந்து இன்ஜின் பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும். காதால் இதைக் கண்டுபிடிக்க இயலாது. ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்க வேண்டும். ராடு வளைந்த சிலிண்டரில் பிஸ்டன் முழு உயரத்துக்கு ஏறாததால் அழுத்தம் மற்றவற்றைவிடக் குறைந்து காட்டும். சிலிண்டர்களுக்கிடையே 10 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால், விற்பவர் என்ன விளக்கம் சொன்னாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். வெள்ளத்தின் தடயத்தை உள்ளேயும் தேடலாம். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்து அதன் கடைசி முழத்தைப் பாருங்கள். அங்கே வண்டல் கறை இருந்தால் கழுவுகிறவர்களின் கை எட்டவில்லை என்று பொருள். கார்ப்பெட்டைத் தூக்கி மோந்து பாருங்கள். இருக்கையின் தண்டவாளத் துரு, ஸ்டெப்னி குழியின் சேறு, ஃபியூஸ் பெட்டியின் மூலையில் வண்டல், ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு ஆகியவை பொய் சொல்வதில்லை. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில் உரிமையாளர் மூலம் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துப் பழைய வேலை விவரங்களை எடுக்கச் சொல்லுங்கள். 2024-இன் முதல் மாதங்களில் வயரிங், இருக்கை, ஆல்டர்னேட்டர் எல்லாம் ஒரே பில்லில் மாறியிருந்தால் வேறு சான்று வேண்டாம்.

வெள்ளம் தொடாத வண்டியாகவே இருந்தாலும், ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர்கூட ஓடாமல் நின்ற பெட்ரோல் வண்டிக்கு வேறு தொல்லைகள் உண்டு. இன்றைக்கு பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதைத் தாங்கும் பாகங்களோடு வண்டிகள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலிலிருந்து. 2016 வண்டி அதற்கு முந்தையது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. வண்டி மாதக்கணக்கில் நின்றால் டேங்கின் அடியில் தண்ணீர் பிரிந்து, துருவும் பம்பு அடைப்பும் வரும். பழைய ரப்பர் குழாய்கள் இளகும். எரிபொருள் குழாய்களையும் இணைப்புகளையும் மாற்ற வேண்டியிருக்கும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மைலேஜும் சற்றுக் குறையும், ஏனென்றால் எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. நின்ற வண்டியின் வயர்களை எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். நம் வீடுகளில் இது அடிக்கடி நடப்பது.

இரண்டில் எதுவானாலும், குளிர்ந்த சோதனை முடிந்ததும் நான்குவழிச் சாலையில் நாங்குநேரி வரை ஏசி போட்டு ஓட்டிவிட்டு, நிறுத்தி, ஏசியை அணைக்காமல் 10 நிமிடம் ஐடிலில் விடுங்கள். ஃபேன் தானாகச் சுழன்று நிற்க வேண்டும், வெப்பமுள் நகரக் கூடாது. அதன்பின் வண்டியின் கணினியில் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். பிழைக் குறியீடு ஒன்றும் இல்லை என்று காட்டுவது மட்டும் போதாது. குறியீடுகளை அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைப் பெரும்பாலான ஸ்கேனர்கள் காட்டும். அது 15 கிலோமீட்டர் என்றிருந்தால் உங்களுக்காகவே நேற்று அழித்திருக்கிறார்கள். ஏர் ஃபில்டரையும் வெளியே எடுத்துப் பாருங்கள். தேரிக்காட்டுப் பக்கம் ஓடிய வண்டி என்றால் அந்தச் செம்மண் தூசி, ஃபில்டருக்கு உட்புறமுள்ள குழாயிலும் படிந்திருக்கக் கூடாது. படிந்திருந்தால் அந்தத் தூசி சிலிண்டருக்குள்ளும் போயிருக்கிறது.

இந்த இரண்டும் தேறாமல் மூன்றாவது வண்டி தேட நேர்ந்தால், அதன் இன்ஜினில் இருப்பது செயினா பெல்ட்டா என்று முதலில் கேளுங்கள். பழைய இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசலிலும், டஸ்டரின் 1.5 லிட்டர் டீசலிலும் டைமிங் பெல்ட்தான். பெல்ட் மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் தேவைக்கு என் பரிந்துரை டீசல் வண்டிதான். காலைச் சோதனையில் செயின் சத்தம் இல்லாமலும், ரிட்டர்ன் டெஸ்ட்டில் நான்கும் சமமாகவும் வந்தால். வள்ளியூரிலிருந்து பாளையங்கோட்டை வரை 40 கிலோமீட்டருக்கு மேல் நிதானமாக ஓடும் ஓட்டம் அந்த இன்ஜினுக்கு உகந்தது. ஒரே உரிமையாளர் உள்ளூரிலேயே இருப்பதால் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆளுண்டு. 15 ஆண்டுப் பதிவு 2028-இல் முடிகிறது, புதுப்பிக்க வேண்டிவரும் என்பதை மட்டும் விலை பேசும்போது சொல்லுங்கள். செயின் இலேசாகச் சத்தம் போட்டு மற்றவை நன்றாக இருந்தாலும் வாங்கலாம். ஆனால் செயின் மாற்றும் தொகையைக் குறைத்துக்கொண்டு வாங்கி, அப்பாவை ஏற்றுவதற்கு முன் மாற்றிவிட வேண்டும். பெட்ரோல் வண்டி கம்ப்ரஷன் டெஸ்ட்டில் தேறி, வெள்ளத்தின் தடயமும் இல்லையென்றால் அதுவும் நல்ல வண்டியே. சோதனைக்கு வியாபாரி மறுத்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும் முதல் வாரத்திலேயே ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் வண்டியென்றால் டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட் எல்லாவற்றையும் மாற்றுங்கள். கூலன்ட் கலக்க போர்த் தண்ணீர் வேண்டாம், கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரையே ஊற்றச் சொல்லுங்கள். கழற்றிய ஆயில் ஃபில்டரை எறிய விடாமல் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மடிப்புகளுக்கிடையே வெள்ளித் துகள் மின்னினால் பேரிங் தேய்கிறது என்று அறிந்து, நெடுந்தூரம் கிளம்பும் முன் வண்டியைத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டு போய்க் காட்டுங்கள்.